ஐந்தாம் மாடிக்குக் கொடுத்த பேடா

வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர்காரருக்கு நான்கு முறை போன் செய்தும் மராத்தியில் "ஆத்தாச் யேதோ", அதாவது "இதோ வந்துட்டேன்" என்ற ஒரே பதில்தான் ஜார்ஜுக்குக் கிடைத்தது. ஐந்தாவது முறை எண்ணை அழுத்தப் போகும்போது வாசல் மணி அடித்தது. வந்துவிட்டான் என்று வாளியோடு கதவைத் திறந்தார். அங்கே நின்றது ஒரு பெண். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள்.

"மேவிஸ் மேடம் வீடுங்களா?"

"தண்ணி இல்லாத வீடு. மேவிஸ் இருக்கா. உள்ள வாம்மா."

மேவிஸ் பல ஆண்டுகள் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்தவர். இப்போது விரிசல் விட்ட சுவர், ஒழுகும் கூரை, உதிரும் பூச்சு ஆகியவற்றின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதே அவர் தொழில். கேம்ப் வட்டாரத்துப் பள்ளிக்கூடமொன்றில் வரலாறு நடத்தி முன்கூட்டியே ஓய்வு பெற்ற ஜார்ஜுக்கு மனைவியின் தொழில்மீது சொந்தத் தொழிலில் இல்லாத ஆர்வம். ஸ்கூட்டர் ஓட்டுவது, சந்தேகப்படுவது, தவறான ஆளைப் பிடிப்பது மூன்றையும் அவர் சம்பளமில்லாமல் செய்துவந்தார்.

"நான் ராஜிங்க. வாகட்ல ஒரு அபார்ட்மெண்ட் சைட்டுல குவாலிட்டி இன்ஜினியர்," என்று அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு மீட்டிங்ல ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா நான் குத்தவாளி. போடலைன்னா என் வீட்டுக்காரர் குத்தவாளி. எங்க ரெண்டு பேர்ல யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

"முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டு," என்றார் மேவிஸ்.

கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழுத கண்கள் மாதிரி இல்லை. கோபத்தில் தூங்காத கண்கள்.

ராஜியின் வேலை கான்கிரீட்டைச் சோதிப்பது. ஒவ்வொரு மாடி வார்க்கும்போதும் அதே கலவையில் சில கனசதுரக் கட்டிகளையும் வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவாள். பாதியை ஏழாம் நாளும் மீதியை இருபத்தெட்டாம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் பலம். இந்தக் கட்டடத்துக்கு இருபத்தெட்டாம் நாளில் குறைந்தது நாற்பது மெகாபாஸ்கல் வரவேண்டும்.

"எல்லா மாடியும் சரியா வந்துட்டிருந்துச்சுங்க. நாலாவது மாடி ஏழாம் நாள் முப்பத்திரண்டு, இருபத்தெட்டாம் நாள் நாப்பத்தெட்டு. அஞ்சாவது மாடி ஏழாம் நாளே நாப்பத்தொண்ணு, கடைசில நாப்பத்தெட்டு. ஆறும் ஏழும் ஏழாம் நாள் முப்பத்தொண்ணு. வழக்கமான நம்பர்தானேன்னு நிம்மதியா இருந்தேன். இருபத்தெட்டாம் நாள் உடைச்சா முப்பத்தாறு. ரெண்டு மாடியும் அதே மாதிரி. மூணு வாரமா சரியா வளரவே இல்லைங்க."

"யார் என்ன சொல்றாங்க?"

"மேனேஜர் விஸ்வேஸ்வரன் சார், க்யூரிங், அதாவது கான்கிரீட்டைத் தண்ணியில ஊறவெக்கறது, சரியில்லைங்கறார். தீபாவளிக்கு நான் கோயமுத்தூர் போயிருந்தப்போ தொட்டியில தண்ணி வத்திருச்சாம். கட்டியும் காஞ்சுது, மாடியும் காஞ்சுதுன்னு எழுதி வெச்சிருக்கார். நான் ஆள் போட்டுட்டுத்தான் போனேன். ஆனா நிரூபிக்க என்ன இருக்கு?"

"அப்போ தப்பு க்யூரிங்ல இல்லைன்னா சிமெண்ட்ல," என்றார் ஜார்ஜ்.

"சிமெண்ட் என் வீட்டுக்காரர் கம்பெனிதுங்க," என்றாள் ராஜி. "நிர்மல் அங்க டெக்னிக்கல் ஆபீசர். அவர் கம்பெனிக்கு எங்க சைட் கிடைச்சப்போ, பொண்டாட்டி பாஸ் பண்ணுவா, புருஷன் விப்பான்னு ஆளாளுக்குப் பேசுனாங்க. அதனால வீட்டுக்குள்ள சிமெண்ட் பேச்சே கிடையாதுன்னு ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு வாரமா வேற எந்தப் பேச்சும் இல்லை. அவர் என்னைப் பாக்கறப்போ 'தொட்டியை வத்த விட்டுட்டியா'ன்னு கேக்கற மாதிரி இருக்கு. நான் அவரைப் பாக்கறப்போ என்ன தெரியுதோ, தெரியல."

மேவிஸ் ஒரு தாளில் அந்த எண்களை எழுதிக்கொண்டார். பிறகு, "கலவையில சிமெண்ட் எவ்வளவுன்னு யார் தீர்மானிக்கறது?" என்று கேட்டார்.

"டிசைன்ல போட்டபடிதான். கலக்கற மிஷின்ல பாஸ்வேர்டு இருக்குங்க, அது விஸ்வேஸ்வரன் சார்கிட்ட மட்டும்தான். ஒரு கிலோ மாத்தணும்னாலும் நான் அவர் ரூம் வாசல்ல போய் நிக்கணும்."

*

டாங்கே சௌக் சந்திப்பில் ஸ்கூட்டர் நகரவில்லை. முன்னால் ஒரு பள்ளி பஸ், பக்கத்தில் ஒரு ஜேசிபி, பின்னால் ஹார்ன்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு மேவி," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார் ஜார்ஜ். "அந்த நிர்மல்தான். மட்டமான சிமெண்டை அனுப்பியிருக்கான்."

"மட்டமான சிமெண்ட் அஞ்சாவது மாடியில நாப்பத்தெட்டு எப்படிக் கொடுத்தது?"

"அஞ்சுக்கு அப்புறம் மட்டமாயிருக்கும்."

"இருக்கலாம். ரோட்டைப் பாரு."

சோதனைக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பூட்டு. சாவி ஸ்டோர்காரரிடம்; ஸ்டோர்காரர் சாப்பாட்டில்; அவர் சாப்பிடும் இடம் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் வெயிலில் நின்றபோது ராஜி பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்படித்தாங்க தினமும்," என்றாள்.

கதவு திறந்ததும் மேவிஸ் நேராகத் தொட்டியிடம் போனார். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. மேலே சுண்ணாம்பு மெல்லிய வெள்ளை ஏடாகப் படிந்திருந்தது.

"தீபாவளி சமயத்துல இதுக்குள்ள எந்தெந்த மாடிக் கட்டி இருந்தது?"

"ஆறு, ஏழு. அஞ்சாவது மாடியோடதும் பாதி இருந்துச்சுங்க. பத்து நாளுக்கு ஒரு மாடி வார்க்கறோம், அதனால எப்பவும் மூணு மாடி ஒண்ணா ஊறும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆளுங்க திரும்பறதுக்குள்ள இந்த ரிசல்ட் வந்து எட்டாவது மாடி நின்னுருச்சு."

உடைந்த கட்டிகள் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. சிவப்புப் பெயிண்டில் மாடி எண். மேவிஸ் ஐந்தாம் மாடித் துண்டு ஒன்றையும் ஆறாம் மாடித் துண்டு ஒன்றையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்து ஜார்ஜ் முன்னால் வைத்தார்.

"என்ன தெரியுது?"

ஜார்ஜ் குனிந்து பார்த்தார். "அஞ்சு நல்லா கெட்டியா, மழமழன்னு இருக்கு. ஆறு... லோணாவளா சிக்கி, நம்ம ஊர்க் கடலை மிட்டாய் மாதிரி இருக்கு. அதுவும் வெல்லம் பத்தாத சிக்கி. கடலைதான் தெரியுது."

"நல்ல கண்ணு," என்றார் மேவிஸ். வேறொன்றும் சொல்லவில்லை. ஜார்ஜுக்கு எரிச்சல் வந்தது. பாராட்டினால் காரணத்தோடு பாராட்ட வேண்டாமா?

கான்கிரீட் பம்பின் அருகில் அதை இயக்கும் சுனில் குழாய் வளைவைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். குழாய் முழுவதும் புதுப் பள்ளங்கள். மேவிஸ் விசாரித்ததும் அவர் இந்தியில் பொரிந்து தள்ளினார்.

"ஜாம், மேடம், ஜாம். வார்க்கற அன்னைக்கெல்லாம் ஜாம். பைப்பை மாத்தியாச்சு, ரப்பரை மாத்தியாச்சு. கலவை நகரவே மாட்டேங்குது, கல்லு கல்லா முட்டிக்கிட்டு நிக்குது. திட்டு மட்டும் எனக்கு."

"எப்போதிலிருந்து?"

"ஆறாவது மாடியிலேர்ந்து. அஞ்சாவது மாடி வரைக்கும் வெண்ணெய் மாதிரி போச்சு. அதோட ரிசல்ட் வந்தப்போ மேனேஜர் சாப் எல்லாருக்கும் பேடா ஸ்வீட் கொடுத்தார். எனக்கு ரெண்டு. அந்தப் பேடா சாப்பிட்ட நேரமே சரியில்லை."

"எந்த ரிசல்ட்? முதல் ரிசல்ட்டா, கடைசி ரிசல்ட்டா?"

"முதல் ரிசல்ட். மாடி வார்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது."

விஸ்வேஸ்வரன் தன் அறையில் மூவருக்கும் டீ வரவழைத்தார். மென்மையாகப் பேசும் மனிதர். கட்டடத்தை மாதக்கணக்கில் தூங்காமல் எழுப்பிய களைப்பு முகத்தில் இருந்தது.

"ராஜி நல்ல பொண்ணு மேடம். எனக்கு அவமேல தனிப்பட்ட கோபம் இல்ல. ஆனா ஏழாம் நாள் முப்பத்தொண்ணு வந்திருக்கு. அதை ஒன்றரையால பெருக்குங்க, நாப்பத்தாறுக்கு மேல. எந்த சைட்லயும் இதான் கணக்கு. அது வரலைன்னா நடுவுல தண்ணி இல்லைன்னு அர்த்தம். ஹெட் ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் பேர் கேக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ராஜி டீயைத் தொடவில்லை.

*

நிர்மலை அவன் அலுவலகக் காரிலேயே பிடித்தார்கள். பாணேர் சாலையோர மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். டாஷ்போர்டில் நெல்லிக்காய் அளவில் இரண்டு கரும்சாம்பல் நிறக் கற்கள்.

"இது என்ன தம்பி, எரிமலைக் கல்லா?" என்றார் ஜார்ஜ்.

"கிளிங்கருங்க. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில வெந்து இப்படி உருண்டையா வரும். இதை அரைச்சாத்தான் சிமெண்ட்." ஒன்றை எடுத்து மேவிஸிடம் கொடுத்தான். "எங்க சிமெண்ட்ல தப்பில்லைங்க மேடம். முன்னை விட நல்லாவே இருக்கு. மழைக்காலம் முடிஞ்சதும் சூளைக்குப் போற கலவையில சுண்ணாம்பைக் கூட்டியிருக்கோம். நல்லா சுட்டு, நைசா அரைக்கறோம். பில்டர் எல்லாரும் சீக்கிரம் பலம் வேணும், சீக்கிரம் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கணும்னு கேட்டாங்க."

"ராஜி சைட்டுக்குப் புதுசு எப்போ போச்சு?"

"அஞ்சாவது மாடியிலேர்ந்துங்க."

"ராஜிகிட்ட சொன்னியா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "வீட்ல சிமெண்ட் பேசறதில்லைங்க. விஸ்வேஸ்வரன் சார்கிட்ட சொன்னேன். ஏழாம் நாள் பாருங்க சார், அசந்துருவீங்கன்னேன். அதே மாதிரி போன் பண்ணி சந்தோஷப்பட்டார்."

"ஆலையில சிமெண்டை மட்டும் சோதிச்ச நம்பர் ஞாபகம் இருக்கா? பழசு, புதுசு ரெண்டும்."

"பழசு ஏழாம் நாள் நாப்பது, இருபத்தெட்டாம் நாள் அம்பத்தெட்டு. புதுசு ஏழாம் நாள் அம்பது, இருபத்தெட்டாம் நாள் அம்பத்தொன்பது. எல்லாம் பாஸ்."

மேவிஸ் கிளிங்கரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நீண்ட மூச்சு விட்டார். "எல்லாம் பாஸ். அதான் யாரும் கேக்கலை."

திரும்பும் வழியில் ஜார்ஜ் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டினார். "சிமெண்ட்லயும் தப்பில்லை, தொட்டியிலயும் தண்ணி இருந்திருக்கு. அப்போ பேயா வந்து பலத்தைத் தின்னது? நாளைக்கு அந்தப் பொண்ணு என்னன்னு கையெழுத்துப் போடறது?"

"எல்லா விஷயமும் உன் கையில இருக்கு ஜார்ஜ். சிக்கியும் பேடாவும் உட்பட."

"போதும், நீ பேசாத," என்று அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

*

சனிக்கிழமை காலை சைட் அலுவலகத்தில் விஸ்வேஸ்வரன், ராஜி, நிர்மல், சுனில் நால்வரும் இருந்தார்கள். மேசைமேல் தட்டச்சு செய்த தாள். ஐந்தாம் மாடித் துண்டையும் ஆறாம் மாடித் துண்டையும் மேவிஸ் அதன்மேல் வைத்தார்.

அவர் வாயைத் திறக்குமுன் நிர்மல் எழுந்துவிட்டான். "சார், தப்பு எங்க சிமெண்ட்லதான்னு எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போடறேன். ராஜியை விட்டுருங்க."

"சிமெண்ட் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் ராஜி, அவனைப் பார்க்காமல். "ஒவ்வொரு லோடும் நானே சோதிச்சேன். இல்லாத தப்பை எதுக்கு ஒத்துக்கறீங்க?"

"நீ மட்டும் தொட்டியை வத்த விட்டியா என்ன?"

"நான் விட்டேன்னு நெனச்சுட்டுத்தானே ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

"நீ என் சிமெண்டைத்தான் சந்தேகப்படறேன்னு நான்..."

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார் மேவிஸ். "யார் குத்தவாளின்னு கேட்டுத்தானே கூப்பிட்டீங்க? உங்க ரெண்டு பேர்ல யாரும் இல்லை."

நிர்மலும் ராஜியும் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல தொட்டி. தீபாவளிக்குத் தண்ணி வத்தியிருந்தா, அதே தொட்டியில கிடந்த அஞ்சாவது மாடிக் கட்டியும் கெட்டிருக்கணும். அது நாப்பத்தெட்டு கொடுத்து பாஸ் ஆயிருக்கு."

விஸ்வேஸ்வரன் உடனே குறுக்கிட்டார். "அதுவும் நாப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்தெட்டுதான் மேடம். அதுவும் வளரலையே. அதுக்கும் தண்ணி பத்தலைன்னுதானே ஆகுது?"

"சரியான கேள்வி. நானும் நேத்து மத்தியானம் வரைக்கும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன். ஆனா இதே சிமெண்டை ஆலையில சோதிச்சிருக்காங்க. அங்கயும் ஏழாம் நாள் அம்பது, கடைசில அம்பத்தொன்பது. பழைய சிமெண்ட் நாப்பதுல ஆரம்பிச்சு அம்பத்தெட்டுக்கு ஏறியிருக்கு. ஆலைத் தொட்டியும் தீபாவளிக்கு வத்திச்சா? இது தண்ணியோட குணமில்லை சார். சிமெண்டோட குணம்."

மேவிஸ் கைப்பையிலிருந்து கிளிங்கர் உருண்டையை எடுத்து வைத்தார்.

"இதுக்குள்ள பலம் கொடுக்கற பொருள் முக்கியமா ரெண்டு. அலைட், பெலைட்னு பேரு. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, சுண்ணாம்பும் மணல்சத்தும் சேர்ந்து பிறந்ததுங்க. சுண்ணாம்பு அதிகமாச் சேர்ந்தது அலைட். தண்ணி பட்டதும் வேலையை ஆரம்பிச்சு முதல் வாரத்துலயே பெரும்பகுதியை முடிச்சிரும். பெலைட் நிதானம். முதல் வாரம் சும்மா இருக்கற மாதிரி தெரியும், அப்புறம் மாசக்கணக்குல உழைக்கும். பழைய கிளிங்கர்ல ரெண்டும் அளவா இருந்தது. அதனாலதான் ஏழாம் நாளை ஒன்றரையால பெருக்கற உங்க கணக்கு பலிச்சுது. இப்போ சுண்ணாம்பைக் கூட்டினாங்க, அலைட் கூடிச்சு, பெலைட் குறைஞ்சுது. நைசா வேற அரைச்சாங்க. ஏழு நாள்ல ஓட வேண்டியதை ஓடிருச்சு. மொத்த பலம் குறையலை. மிச்சம் வெக்கிற பழக்கம்தான் போச்சு."

"அப்போ ஆறும் ஏழும் ஏன் குறைஞ்சுது?" என்று ஜார்ஜ் கேட்டார். அவருக்கு நேற்றைய கோபம் மறந்துவிட்டிருந்தது.

"அதைத்தான் யாரும் கேக்கலை. அஞ்சாவது மாடியில ஏழாம் நாள் நாப்பத்தொண்ணு. சிமெண்ட் மாறலை, ஆனா ஆறாவது மாடியில முப்பத்தொண்ணு. பழைய நம்பர் மாதிரியே இருந்ததால எல்லாரும் நிம்மதியாயிட்டீங்க. பத்து ஏன் இறங்கிச்சு?" ஆறாம் மாடித் துண்டைத் திருப்பினார். "ஜார்ஜ் சொன்னது சரி. இது வெல்லம் பத்தாத சிக்கி. கல்லு இருக்கு, பசை இல்லை. பசை இல்லாததாலதான் சுனிலோட பைப்புல கல்லு முட்டி நின்னுச்சு. கலவையில சிமெண்டைக் குறைச்சிருக்காங்க, தண்ணியைக் குறைக்காம. அந்த மிஷினோட பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்டதான் இருக்கு. அஞ்சாவது மாடியோட ஏழாம் நாள் நம்பரைப் பாத்து பேடா கொடுத்தவரும் அவர்தான்."

விஸ்வேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பத்தொண்ணை ஒன்றரையால பெருக்குங்க மேடம், அறுபதைத் தாண்டுது. நாப்பது போதுங்கற இடத்துல அறுபது எதுக்கு? ஏழாம் நாள் பழைய நம்பர் வர்ற அளவுக்கு மட்டும்தான் குறைச்சேன். சொன்ன மாதிரியே வந்தது. ஹெட் ஆபீஸ்லயும் பாராட்டினாங்க. அப்புறம் வளராதது க்யூரிங் தப்புன்னு நான் நிஜமாவே நம்பினேன்."

"நம்பினீங்க, சரி. குறைச்சதை ராஜிகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ட்ரையல் மிக்ஸ்னு முதல்ல கொஞ்சமாக் கலந்து சோதிக்கணும், இருபத்தெட்டு நாள் காத்திருக்கணும்னு நிப்பா."

"காத்திருந்தா இந்த ரெண்டு மாடியும் இன்னைக்கு நாப்பத்தெட்டுல நின்னிருக்கும். அஞ்சோட கடைசி ரிசல்ட் வர்றதுக்குள்ள ஆறையும் ஏழையும் வார்த்துட்டீங்க."

விஸ்வேஸ்வரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னும் ஒரு மாசம் பொறுத்தா ஏறாதா மேடம்? கான்கிரீட் வயசானா ஏறும்னு சொல்லுவாங்களே."

"பழைய சிமெண்டா இருந்தா அந்தப் பெலைட் உங்களைக் காப்பாத்தியிருக்கும். இதுல ஏற பெருசா ஒண்ணும் மிச்சமில்லை. மாடியில துளைபோட்டுத் துண்டு எடுத்துப் பாருங்க. தாங்குமா, தூணைப் பலப்படுத்தணுமா, உடைக்கணுமான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். எட்டாவது மாடிக்கு முன்னாடி ராஜி சொல்ற ட்ரையல் மிக்ஸைப் போடுங்க."

விஸ்வேஸ்வரன் தட்டச்சு செய்த தாளை இழுத்து நடுவில் கிழித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தன் கையாலேயே எழுதத் தொடங்கினார். ராஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றி பெற்றவள் முகமாக அது இல்லை. ஒரே ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக ஒரு வாரம் தூங்காதவளின் முகம்.

*

வெளியே ஜார்ஜ் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ராஜியும் நிர்மலும் கேட்டருகே நின்றிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது.

"உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றான் நிர்மல். "ஊர் வாய்க்குப் பயந்து..."

"நானும்தான் கேட்டிருக்கணும். நாப்பத்தொண்ணு வந்தன்னைக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சோத்தைப் போட்டுட்டு சும்மா இருந்துட்டேன்."

அவன் தயங்கினான். "ஜனவரியில சூளையில இன்னொரு மாத்தம் வருது. இந்தத் தடவை..."

"இங்க வேண்டாம்," என்று அவள் அவன் கையிலிருந்த கார் சாவியை வாங்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போய் சாப்பிடறப்போ சொல்லுங்க. முழுசா சொல்லணும்."

ஜார்ஜ் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சிறிது தூரம் போனதும் பின்னாலிருந்து மேவிஸின் போன் அடித்தது.

"யாரு?"

"டேங்கர்காரன்," என்றார் மேவிஸ். "இதோ வந்துட்டேங்கறான்."